நாடிக்கட்டு

எங்கள் மேனேஜருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது. பச்சைத் துணி ஒட்டிய பலகை, அதில் குண்டூசியால் குத்தி வைத்த போட்டோக்கள். எல்லாவற்றிலும் ஒரே படம்தான். மூக்கை மூடிய மாஸ்க், அதிலிருந்து தொங்கும் குழாய், அதற்கு மேலே திருதிருவென்று விழிக்கும் இரண்டு கண்கள், பக்கத்தில் தூக்கிப் பிடித்த பெருவிரல். ஆள் மட்டும் மாறுவார். பெரியகுளத்து மாம்பழ வியாபாரி, போடி ஏலக்காய்க் கடைக்காரர், வைகை அணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், கோம்பையிலிருந்து ஒரு ஜீப் டிரைவர். தேனியில் அந்த ஆபீசுக்குள் யார் வந்தாலும் மேனேஜர் நாற்காலியைச் சுழற்றிப் பலகையைக் காட்டுவார். இவர்கள் எல்லாரும் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்பார். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் மெஷினைத் துணி மூடி பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பலகையைத் திருப்பதிப் பெருமாள் படத்தைத் துடைப்பது போலத் தினமும் துடைப்பார்.

நான் சின்னமனூர்க்காரி. மதுரையில் டெக்னீசியன் படிப்பை முடித்துவிட்டு வந்ததும் கிடைத்த முதல் வேலை அது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. ஆள் குறட்டை விடுவார், திடீரென்று குறட்டை நிற்கும், மூச்சும் நிற்கும். மூளை பதறி உலுக்கும், திணறி ஒரு மூச்சை இழுப்பார், மறுபடியும் குறட்டை. விடிய விடிய இதுதான் நடக்கும், விடிந்தால் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. பகலில் மட்டும் உட்கார்ந்த இடத்தில் தலை சாயும். எங்கள் பக்கத்தில் இதை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை. குறட்டை விடுகிறவனைக் கொடுத்து வைத்தவன் என்பார்கள். இதற்கான மெஷின் செய்வது ஒரே ஒரு வேலை. காற்றைக் கொஞ்சம் அழுத்தி உள்ளே ஊதித் தொண்டை மூடாமல் தாங்கிக்கொள்ளும். ஆனால் முகத்தில் ரப்பரைக் கட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் மூச்சு விட்டபடி தூங்க ஒரு மனிதர் பழக வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் கூடவே இருந்து பழக்கிவிட்டால் பிறகு அவரே விடமாட்டார். கைவிட்டால் பீரோவுக்கு மேலேதான்.

இந்தக் கூடவே இருப்பதுதான் மேனேஜருக்கு வேப்பங்காய். ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் என்பது அவர் போட்ட சட்டம். பிளக்கைச் சொருகு, நாற்காலியில் உட்கார வைத்து மாஸ்க்கை மாட்டு, போட்டோ எடு, கையெழுத்து வாங்கு, பஸ்ஸைப் பிடி. படுக்க வைத்து மாட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் ஒருமுறை சொன்னேன். உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற முகம் வேறு, படுத்தால் கன்னம் சரிந்து வேறு முகம் ஆகிவிடும் என்றேன். நேரம் ஆகும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மாஸ்க்கில் மூன்று அளவு உண்டு, எங்கள் அலமாரியில் நடு அளவு மட்டும்தான் இருக்கும். நம்ம ஊர் மூக்குக்கு அது போதுமாம். நறுமணம் பூசிய சட்டையும், நரை தெரியாத தலையும், பேஷண்ட் தொட்ட பேனாவைத் துடைத்த பிறகே எடுக்கும் விரலுமாக இருந்த அந்த மனிதர், தான் விற்ற மாஸ்க்கை ஒருநாளாவது தன் முகத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மெஷினைப் போடாமல் விட்டவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் தேறாத கேஸ். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குத் தேனி மாவட்டமே கோணலாக இருந்தது.

கோம்பை டிரைவர் வந்தது ஐப்பசி கடைசியில். கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்னால் ஓடும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அவருடைய வேலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து மலைக்கு ஏறி, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வர வேண்டும். அவர் ஜீப்பில் பதினாலு பெண்கள். அவருடைய சம்சாரமும் அதில்தான் காய் எடுக்கப் போவார், முன் சீட்டில் கணவருக்குப் பக்கத்தில். ஒருநாள் இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், டிரைவருக்குக் கண் சொருகிவிட்டது. சம்சாரம் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததில் ஜீப் மலைப்பக்கத்துப் பாறையில் உரசி நின்றது. மற்றப் பக்கம் திரும்பியிருந்தால் பதினாலு வீட்டில் இழவு விழுந்திருக்கும். அந்தம்மா அன்றைக்கே அவரைத் தேனிக்கு இழுத்து வந்து நுரையீரல் டாக்டரிடம் உட்கார வைத்தார். டாக்டர் பரிசோதனை செய்தார், மெஷின் எழுதினார். மெஷின் ஒத்துக்கொண்டது என்று தெரியும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஜீப் முதலாளியும் டாக்டர் லெட்டர் இல்லாமல் சாவி தரமாட்டேன் என்றுவிட்டார்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு கோம்பைக்குப் போனது நான். வாசலில் கட்டியிருந்த செவலை நாய் என் பையையே முறைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் நல்ல ஆகிருதி, கழுத்து இல்லாத உடம்பு, சொன்னதைச் சொன்னபடி கேட்கும் சுபாவம். நாற்காலியில் உட்கார வைத்தேன், மாட்டினேன், விரலைத் தூக்கச் சொன்னேன். சம்சாரம் மட்டும் கதவுப் பக்கம் நின்று, ராத்திரி கரண்டு போனால் என்ன செய்வது, காற்றை ஈரமாக்கும் தொட்டியில் எந்தத் தண்ணீர் ஊற்றுவது, வாயில் எச்சில் ஊறினால் எப்படி முழுங்குவது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் நல்ல கேள்விகள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. புத்தகத்தில் எல்லாம் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் புத்தகத்தில் தமிழ் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது.

இரண்டு நாளில் கார்த்திகை பிறந்தது, டிரைவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். எங்கள் பள்ளத்தாக்கே சபரிமலைக்குப் போகிற வழி. அந்த மாதத்தில் கறுப்பு வேட்டி கட்டாத டிரைவரைப் பார்ப்பதுதான் அதிசயம். மாலை போட்டால் சவரம் கிடையாது, தலையணை கிடையாது, வெறும் தரையில் பாய். இது ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருந்தும் மெஷினோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. தாடியும் மீசையும் முளைக்க முளைக்க ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் சந்து விழுந்து காற்று கண்ணில் அடித்திருக்கிறது. டிரைவர் ஆபீசுக்குப் போன் செய்தார். மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், வாரை இறுக்கச் சொல்லு என்றார். நான் போனில் வாரை இறுக்குங்கள் என்றேன். இறுக்கினார். மூக்குத்தண்டில் புண் வந்தது.

அந்த வாரம்தான் டாக்டர் ரிப்போர்ட் கேட்டு அனுப்பினார். மெஷினுக்குள் சின்னதாக ஒரு கார்டு இருக்கும். எத்தனை மணி நேரம் போட்டார் என்பதை அது எழுதி வைத்துக்கொள்ளும். அதைக் கொண்டுவரச் சொல்லி, பார்த்து, அப்புறம் எழுத வேண்டும். மேனேஜர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. போட்டோவில் விரலைத் தூக்கியிருக்கிறாரே, அதைவிட என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். நோயாளி நாள்தோறும் முறையாகப் பயன்படுத்துகிறார், நன்றாகப் பழகிவிட்டார். கீழே என் பெயரும் பதவியும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். எந்தத் தாளிலும் அவர் கையெழுத்து இருக்காது. அந்த ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று லெட்டர் கொடுத்தார். லெட்டரைப் பார்த்து முதலாளி சாவியைக் கொடுத்தார். ஏலக்காய் எடுப்பு உச்சத்தில் இருந்த நேரம், ஜீப் ஒருநாள்கூட நிற்கவில்லை.

பிறகு டிரைவர் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து ஒருமுறை போன் செய்தார். வாய் திறந்துகொள்கிறது, காற்றெல்லாம் வாய் வழியாகப் போகிறது, நாக்கு காய்ந்த இலை மாதிரி ஆகிவிடுகிறது என்றார். தாடையைத் தாங்குவதற்கு ஒரு பட்டை உண்டு, அலமாரியில் அது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் கட்டிக்கொள்ளச் சொல் என்றார் மேனேஜர். சொன்னேன். அதற்கப்புறம் போன் வரவில்லை. நாலைந்து நாள் கழித்து நானே கூப்பிட்டபோது சம்சாரம் எடுத்தார். அது பரணில் கிடக்கிறது, இனிமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். மேனேஜரிடம் சொன்னேன். லெட்டர் வாங்கிவிட்டார் அல்லவா, இனி அவர் நம்மிடம் வரமாட்டார், கேஸை முடி என்றார். அவர் குரலில் சலிப்புக்கூட இல்லை. நானும் ஃபைலை மூடி வைத்தேன். எட்டு நாள் அது மூடியே இருந்தது.

எட்டாவது நாள் சாயங்காலம் தேனியிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். சின்னமனூருக்கு முன்னால் பஸ் ரொம்ப நேரம் நின்றது. எதிரே தோட்டத்திலிருந்து திரும்பிய ஒரு ஜீப்பும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்த பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, வாயைத் திறந்து, பச்சைக் கறை ஏறிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் விழித்திருந்தவர் ஓட்டுகிறவர் ஒருவர்தான். அது கோம்பை ஜீப் இல்லை, யாரோ எவரோ. ஆனால் அன்று ராத்திரியே, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோம்பைக்குப் போவது என்று முடிவு செய்தேன். அன்றைக்குத் தோட்டத்துக்கு ஜீப் கிடையாது, டிரைவர் வீட்டில் இருப்பார். ஆபீஸ் அலமாரியிலிருந்து, மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் இரண்டை யாரிடமும் கேட்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் அவற்றைக் கண்காட்சிக்கு வைத்திருந்தார்.

கோம்பை வீட்டில் டிரைவர் என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாகத் தள்ளி நின்றார். வாங்க மாளிகப்புறம் என்றார். மாலை போட்டவர்கள் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கிட்டே போகக்கூடாது, தொடக்கூடாது என்பதும் அந்த அழைப்பிலேயே இருக்கிறது. மூக்கில் புண் ஆறி வடு இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. மெஷினை ஏன் பரணில் ஏற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் சம்சாரத்தைப் பார்த்தார். அந்தம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"ராத்திரி எந்திரிச்சேன் தாயி. வீடே சத்தங்காட்டாமக் கெடக்கு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவுக கொறட்டை இல்லாம நான் ஒரு ராத்திரி கண்டதில்ல. லைட்டப் போட்டுப் பாக்குறேன். தரையில நேரா மல்லாக்கக் கெடக்காக. கழுத்துல மால. நாடியில வெள்ளத் துணியக் கெட்டி, உச்சந்தலையில முடிச்சு. மொகத்துல அந்த ரப்பரு இருந்துச்சான்னுகூட நான் பாக்கல. கெட்டுத்தேன் கண்ணுல பட்டுச்சு."

நாடிக்கட்டு எங்கள் பக்கத்தில் யாருக்குக் கட்டுவார்கள் என்று விளக்கத் தேவையில்லை. உயிர் போன உடம்பு விறைப்பதற்கு முன்னால், வாய் பிளந்துகொள்ளாமல் இருப்பதற்காகக் கட்டுவார்கள். சின்னமனூரில் பிறந்து வளர்ந்த நான், எங்கள் தெருவிலேயே எத்தனையோ சாவுக்குப் போய் நின்ற நான், தாடைக்குத் துணி கட்டு என்று போனில் சொன்னபோது அது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. இரண்டு பெண்கள் வாசலில் உட்கார்ந்து மாரடிக்கவே தொடங்கிவிட்டார்கள். டிரைவர் எழுந்து உட்கார்ந்ததும் அதில் ஒருத்தி மயங்கி விழுந்தாளாம். மாலை போட்ட ஆளுக்கு நாடிக்கட்டு என்றால் எவ்வளவு பெரிய அபசகுனம். விடிந்ததும் வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மெஷினைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். இதையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னார். "அன்னைக்குத்தேன் மாளிகப்புறம் நான் தூங்குனேன்."

மெஷின் அன்றைக்கு வேலை செய்திருக்கிறது. அந்த மனிதருக்குத் தொண்டை மூடாமல், மூச்சு நிற்காமல், நல்ல உறக்கம் வந்திருக்கிறது. அதைத்தான் சாவு என்று நினைத்துத் தெருவே அழுதிருக்கிறது. அந்த அமைதி வரும், வந்தால் பயப்படாதீர்கள் என்று முதல்நாளே அந்தம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. இப்போதும் வண்டி ஓட்டுகிறீர்களா என்று கேட்டேன். டாக்டர் லெட்டர் இருக்கிறதே என்று டிரைவர் உள்ளே போய் எடுத்துவந்து தரையில் வைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. டாக்டர் இதை என் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் கொடுத்தார், அந்த ரிப்போர்ட் பொய், டைப் செய்தது நான் என்று சொல்லிவிட்டேன்.

டிரைவருக்குப் புரிய நேரமானது. சம்சாரத்துக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. லெட்டரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப இத்தன நாளு பதினாலு பேரும் ஒங்க பொய்யிலதேன் ஏறி எறங்கிருக்கோம்" என்றார்.

டிரைவர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். முதலாளிக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, சரியாகத் தூக்கமில்லை என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையைக் கம்பீரமாகச் சொன்ன ஒரு ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கள் மேனேஜர் தன் ஆயுளில் அப்படி ஒரு வாக்கியம் பேசியிருக்கமாட்டார்.

அன்றைக்குத்தான் வேலை தொடங்கியது. நான் அவரைத் தொடக்கூடாது, அந்தம்மாவும் விரத காலத்தில் தொடக்கூடாது. வேறு வழியில்லாமல் சின்ன மாஸ்க்கை என் முகத்தில் மாட்டிக்கொண்டு எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்தேன். மேனேஜரை இவ்வளவு இளப்பமாகப் பேசுகிறேனே, நானும் அன்றுதான் முதல்தடவையாக அதைப் போட்டேன். காற்று மூக்குக்குள் புகுந்ததும் யாரோ என் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்குவது போலிருந்தது. பிடுங்கி எறிய வேண்டும் என்று கை துடித்தது. இப்படித்தான் இருக்கும், அப்புறம் அடங்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அவருக்கும் சொன்னேன். அவர் முகம் பார்க்கிற கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு நான் செய்வதைப் பார்த்துச் செய்தார். முதலில் வார் இல்லாமல் கையால் மூக்கில் பிடித்துக்கொள்வது, வேண்டாமென்றால் உடனே எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிவது. அப்புறம் வார். தாடியிலும் மீசையிலும் படாத மாஸ்க் என்பதால் காற்று ஒழுகவில்லை. நாடிக்குத் துணியும் தேவைப்படவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் வாய் தானாக மூடிக்கொண்டது. தூங்க வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது, பட்டப்பகலில் டிவி பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் சும்மா போட்டிருக்க வேண்டும் என்றேன். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து ஊற்றச் சொன்னேன். முதல்நாளே சொல்லியிருக்க வேண்டியவை இவை, எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆனது.

சம்சாரம் ஒரு சந்தேகம் கேட்டார். மறுபடி சத்தமில்லாமல் கிடந்தால், உயிரோடு இருக்கிறார் என்று தொடாமல் எப்படித் தெரிந்துகொள்வது. மாஸ்க்கில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அங்கே கையைக் காட்டுங்கள், காற்று வந்தால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம் என்று பட்டென்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெஷின் ஊதினாலே அங்கே காற்று வரத்தானே செய்யும், செத்துப் போனாலும் வருமே என்றார். உண்மைதான். படித்த எனக்குத் தோன்றாதது காய் எடுக்கிற அந்தம்மாவுக்குத் தோன்றிவிட்டது. வெட்கமாக இருந்தது. வயிறு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், அது மட்டும்தான் நிச்சயம் என்றேன். சரி என்றார். ஆனால் அதற்கப்புறம் நான் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் தனக்குள் உரசிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

மறுநாள் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மேனேஜருக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். பதினாலு பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்காட்சிக்கு வைத்த மாஸ்க்கை யாரைக் கேட்டு எடுத்தாய் என்றுதான் ஒரு மணி நேரம் கத்தினார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து கோம்பைக்குப் போனேன். டிரைவர் டிவி முன்னால் தூங்க ஆரம்பித்தார், பிறகு ராத்திரியில் இரண்டு மணி நேரம், அப்புறம் நாலு. சபரிமலைக்கு மற்றவர்களோடு பஸ்ஸில் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றினார். கார்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டர் அதைத் தானே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். என்னிடம் ரிப்போர்ட் கேட்கவில்லை. லெட்டர் மறுபடி கிடைத்தது, சாவியும் கிடைத்தது.

அடுத்த மாதம் மதுரையில் கம்பெனிக் கூட்டம். மேனேஜர் மேடையில் ஏறிப் பெரிய திரையில் கோம்பை டிரைவரின் போட்டோவைப் போட்டார், பெருவிரல் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. நோயாளியின் பண்பாட்டைப் புரிந்துகொண்டு, விரதத்துக்கு ஏற்ற மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தோம் என்றார். அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் கேடயத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதச் சம்பளத்தோடு வேலையை விட்டேன்.

இப்போது தேனியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எனக்கென்று சின்ன இடம் இருக்கிறது. நாற்காலியைவிடக் கட்டில்தான் முக்கியம் என்று ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். மாஸ்க் மூன்று அளவிலும் இருக்கும். வருகிறவரைப் படுக்க வைத்து, வீட்டுக்காரியையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவசரப்படாமல் பழக்குகிறேன். பயந்துபோய் வருகிறவர்களுக்குக் கோம்பைக் கதையைச் சொல்வேன். மேனேஜரை நடித்தே காட்டுவேன். சிரித்துச் சிரித்து அவர்களுக்குப் பயம் தெளிந்துவிடும். பல வருடம் சொன்னதில் கதை நன்றாக உருண்டு திரண்டுவிட்டது. ஒரே ஒரு இடம் மட்டும் எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. நான் கடையில் சொல்லும் கதையில், அந்த ரிப்போர்ட்டை டைப் செய்தது மேனேஜர்.

போன மாதம் ஒருநாள், லோயர் கேம்ப் பக்கம் லாரி ஓட்டுகிறவர் ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் அந்த இடத்துக்கு வந்து, மேனேஜர் மாதிரி ஸ்டைலாக விரல்களால் மேசையில் டைப் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். படியில் யாரோ நிற்பது தெரிந்தது. கோம்பையிலிருந்து டிரைவர் சம்சாரம், மெஷினுக்கு ஃபில்டர் வாங்க வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நான் சமாளித்துக்கொண்டு, பாருங்கள், அந்த மேனேஜரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

"எந்த மேனேஜரு தாயி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். "எங்க வீட்டுக்கு அப்பிடி யாரும் வரலையே. நீங்கதேன் வந்தீக. போன்ல துணியக் கெட்டச் சொன்னதும் ஒங்க கொரலுதேன்னு அவுக சொன்னாக. பொய்யி எழுதுனதும் நீங்கதேன்னு ஒங்க வாயாலதேன் சொன்னீக."

ஃபில்டரை எடுத்துக் கொடுத்தேன். டிரைவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவுக நல்லாத் தூங்குறாக. நாந்தேன் இன்னமும் முன் சீட்டுல அவுக கண்ணப் பாத்துக்கிட்டே முழிச்சு வாரேன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஃபில்டரை மடியில் முடிந்துகொண்டு படியிறங்கினார்.

லாரி டிரைவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மூக்கிலிருந்து மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த ரிப்போர்ட்டை யார் எழுதியது என்று கேட்டார். நான் எழுதினேன் என்றேன்.